அம்மாவின் லென்வாட்டினிப்: பிரஷர் ஏறுகிறது, மாத்திரையை நிறுத்தலாமா?

கூடல்மகள் (செவ்வாய், இரவு 10.42)

வணக்கம். பல நாளாக இங்கே படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. ஊர் மதுரை. அம்மாவுக்கு 61 வயது. தைராய்டில் பாப்பிலரி வகைப் புற்றுநோய் வந்து, 2019-இல் தைராய்டை முழுவதும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு தடவை கதிரியக்க அயோடின். தனி அறையில் வைத்து அனுப்பினார்கள். அதையெல்லாம் அம்மா சிரித்துக்கொண்டே கடந்துவிட்டார். போன வருடம் நுரையீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரிந்தன. மறுபடி அயோடின் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முடிச்சுகள் அயோடினை இழுக்கவே இல்லை; இழுத்தால்தான் அந்தச் சிகிச்சை வேலை செய்யுமாம். நோய் மிச்சம் இருப்பதைக் காட்டுகிற தைரோகுளோபுலின் ரத்த அளவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதனால் இப்போது லென்வாட்டினிப் 24 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள். 10 இரண்டு, 4 ஒன்று, ஆக மூன்று கேப்சூல். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு.

இன்று பதினோராவது நாள். பக்கத்து வீட்டு பிரஷர் மெஷினை அப்பா வாங்கி வந்து பார்த்தார். 172/104. அம்மாவுக்கு இதுவரை பிரஷர் என்ற பேச்சே கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், எடுத்த பெண் "வியாழக்கிழமை ஓ.பி.க்கு வாங்க" என்று வைத்துவிட்டார். அது இந்த வியாழன் இல்லை, அடுத்த வியாழன்.

ராத்திரி மாத்திரையை இன்னும் கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கொடுக்கவா, நிறுத்தவா?

இரவுப்பணி (செவ்வாய், இரவு 10.51)

புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அம்மாவுக்குக் கடுமையான தலைவலி இருக்கிறதா? கண் மங்குகிறதா? பேச்சில் குழறல், குழப்பம், ஒரு பக்கம் மரத்துப்போதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதுவும் உண்டா? ஒன்று இருந்தால்கூட இந்தப் பக்கத்தை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மருந்தில் பிரஷர் திடீரென்று ஏறி, மூளையில் வீக்கம் வந்து வலிப்பு வரைக்கும் போனவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை.

கூடல்மகள் (செவ்வாய், இரவு 10.55)

இல்லை அக்கா, எதுவும் இல்லை. சாயங்காலம் லேசாகத் தலை பாரமாக இருந்தது என்றார். இப்போது உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார்.

இரவுப்பணி (செவ்வாய், இரவு 11.03)

சரி. அப்படியென்றால் டிவியை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால் இரண்டும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். அதற்கு முன் பாத்ரூம் போய் வரட்டும். கை நெஞ்சு உயரத்துக்கு மேஜைமேல் இருக்க வேண்டும். பட்டையைச் சேலை ரவிக்கைமேல் சுற்றாதீர்கள். அரைமணிக்குள் காபி, டீ குடித்திருந்தால் அந்த அளவை நம்பாதீர்கள். இரண்டு நிமிடம் விட்டு இரண்டாவது தடவையும் எடுங்கள்.

அப்புறம் உங்கள் ஃபைலில் வார்டு எண்ணோ, இரவு டியூட்டி டாக்டர் எண்ணோ கட்டாயம் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டின் அடியில் பாருங்கள். வரவேற்பு எண்ணில் பேசிப் பயனில்லை. பேசும்போது "அம்மாவுக்கு பிரஷர்" என்று ஆரம்பிக்காதீர்கள். "லென்வாட்டினிப் 24, பதினோராவது நாள், பிரஷர் இவ்வளவு" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். மருந்தின் பெயரைக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

கொடுப்பதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது.

கூடல்மகள் (செவ்வாய், இரவு 11.40)

158/96, இரண்டாவது தடவை 156/96. முதலில் பார்த்தபோது அம்மா மாடியிலிருந்து துணி எடுத்துவிட்டு இறங்கி வந்த கையோடு பார்த்திருக்கிறார்கள். டியூட்டி டாக்டர் பேசினார். இன்றைய டோஸைக் கொடுக்கச் சொன்னார், காலையில் நேரில் வந்து பிரஷர் மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னார். நாளை மறுபடி 160-ஐத் தாண்டினால் உடனே கூப்பிடச் சொன்னார். டோஸ் கொடுத்துவிட்டேன். அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கொங்குத்தறி (புதன், காலை 6.15)

தங்கச்சி, நான் நோயாளி. கோவைப் பக்கம். லென்வாட்டினிப்பில் மூன்றாவது வருடம் ஓடுகிறது. பிரஷர் எனக்குப் பதினான்காம் நாள் ஏறியது. இது உங்கள் அம்மாவுக்கு மட்டும் வந்த விபரீதம் இல்லை. கட்டிக்குப் புதிய ரத்தக்குழாய் முளைக்காமல் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. அது தடுக்கிற அதே சமிக்ஞைதான் நம் உடம்பின் மற்ற ரத்தக்குழாய்களைத் தளர்வாக வைத்திருக்கிறது. ஆகவே பிரஷர் ஏறும். 2015-இல் இந்த மருந்தின் பெரிய ஆய்வு, 392 பேரை வைத்து, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் பிரஷர் ஏறியது, பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே. அதனால்தான் முதல் வாரம் முடிந்ததும் ஒரு தடவை, அப்புறம் இரண்டு மாதத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பார்க்கச் சொல்கிறார்கள். அது குறைந்தபட்சம். வீட்டிலேயே தினமும் பாருங்கள். பக்கத்து வீட்டு மெஷின் வேண்டாம், மேல்கையில் சுற்றுகிற மெஷின் ஒன்று சொந்தமாக வாங்கிவிடுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம்.

அதே ஆய்வில், மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய் வளராமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 18.3 மாதம். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 3.6 மாதம். அம்மாவிடம் இந்த 18-ஐச் சொல்லாதீர்கள். நடுமதிப்பு என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள் என்றும் அர்த்தம். நானே தாண்டியவன்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் சுமார் 68 சதவீதம் பேருக்கு டோஸைக் குறைத்திருக்கிறார்கள். சராசரியாகச் சாப்பிட்ட அளவு நாளுக்கு 17.2 மில்லிகிராம்தான். ஆரம்பிக்கும்போது 24, தாங்காவிட்டால் 20, பிறகு 14, பிறகு 10. படி அப்படித்தான் இறங்கும். நான் எட்டாவது மாதத்தில் 14-க்கு வந்தேன். டோஸ் குறைத்தால் மருந்து கைவிட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முகம் வாடினார்கள். எனக்கே அப்படித்தான் இருந்தது. அந்தப் பயத்தில், இந்த மருந்தால் வந்த உள்ளங்கால் எரிச்சலை இரண்டு மாதம் டாக்டரிடம் சொல்லாமல் இருந்தேன். முட்டாள்தனம். கடைசியில் கொப்புளம் உடைந்து நடக்க முடியாமல், பத்து நாள் மருந்தையே நிறுத்த வேண்டி வந்தது. சொல்லியிருந்தால் இரண்டு நாள் நிறுத்தியதோடு போயிருக்கும். நீண்ட இடைவெளி விட்டவர்களைவிடக் குறுகிய இடைவெளி விட்டவர்களுக்கு மருந்து நன்றாக வேலை செய்ததாக அந்த ஆய்வின் தரவுகளை மறுபடி அலசியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பனங்காய் (புதன், காலை 8.02)

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். என் ஐயாவுக்கும், அதாவது அப்பாவுக்கும், இதே தைராய்டு வருத்தம். அவருக்கு லென்வாட்டினிப் இல்லை, சொராஃபெனிப். காலையில் 400, இரவில் 400, அதாவது 200 குளிசை இரண்டிரண்டாக. வெறும் வயிற்றில்தான் போட வேண்டும்; சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னம், இல்லாவிட்டால் இரண்டு மணித்தியாலம் பின்னம். ஐயாவோ சோறு சாப்பிடாமல் குளிசை போட்டால் வயிறு புண்ணாகும் என்று சொல்லி, சாப்பிட்ட கையோடு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. உங்கள் அம்மாவின் மருந்துக்கும் இப்படி ஏதும் இருக்கிறதா?

மருந்தாளுநர்72 (புதன், காலை 9.30)

லென்வாட்டினிப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சாப்பிட்டும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். தினமும் ஒரே நேரமாக இருந்தால் போதும். பனங்காய் தம்பி கேட்டது நல்ல கேள்வி. "தைராய்டு கேன்சர் மாத்திரை" என்று பொதுவாகச் சொல்லிக் கடைக்கு வருபவர்களிடம் நான் முதலில் சீட்டைத்தான் கேட்பேன். கபோசாண்டினிப் என்றால் வெறும் வயிறு. வான்டெட்டானிப் என்றால் சாப்பாடு பிரச்சினை இல்லை, ஆனால் இதயத்துடிப்பின் மின்னோட்டத்தைக் கெடுக்கக்கூடியது, ஈ.சி.ஜி., பொட்டாசியம், கால்சியம் எல்லாம் பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள். அது உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 19 நாள் ஆகும். நிறுத்தினாலும் உடனே போகாது. செல்பெர்காட்டினிப் என்றால், அல்சருக்காகச் சாப்பிடும் ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. ஒருவருக்குச் சொன்ன விதியை இன்னொருவருக்குப் பொருத்தக் கூடாது.

மகளே, உங்களிடம் மூன்று கேள்விகள். அம்மா காலையில் தைராக்ஸின் (எடுத்த தைராய்டுக்குப் பதிலாகத் தரும் ஹார்மோன் மாத்திரை) எப்படிச் சாப்பிடுகிறார்? கால்சியம் மாத்திரை உண்டா, எப்போது? இது தவிர வீட்டில் வேறு என்னென்ன சாப்பிடுகிறார்? டாக்டர் எழுதியது, எழுதாதது, பக்கத்து வீட்டில் கொடுத்தது எல்லாம்.

கூடல்மகள் (புதன், மதியம் 2.20)

ஐயா, தைராக்ஸின் காலையில் எழுந்ததும் காபியோடு. கால்சியம் டிபனுக்குப் பின்னால், சில நாள் இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுவார். வேறு மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை எப்போதாவது. காலையில் டாக்டரைப் பார்த்தோம், ஆம்லோடிபின் 5 எழுதியிருக்கிறார்.

மருந்தாளுநர்72 (புதன், மாலை 5.10)

மூன்றிலும் வேலை இருக்கிறது.

தைராக்ஸினை வெறும் தண்ணீரில் போட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் கூடாது, காபியும் சேர்த்துத்தான். கால்சியத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரைக்கும் அப்படியே. இல்லாவிட்டால் தைராக்ஸின் குடலில் கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். தைராய்டு புற்றுநோய்க்காரர்களுக்கு, தைராய்டு செல்களைத் தூண்டுகிற டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் அளவைக் கீழே அமுக்கி வைக்க வேண்டியிருப்பதால் இது சாதாரண விஷயம் இல்லை. லென்வாட்டினிப் வேறு டி.எஸ்.எச்.ஐ மேலே தள்ளும். அதனால் மாதம் ஒரு தடவை டி.எஸ்.எச். பார்ப்பார்கள். அது ஏறினால் தைராக்ஸினைக் கூட்டுவார்கள். காபியினால் ஏறியதா, லென்வாட்டினிப்பால் ஏறியதா என்று தெரியாமல் டோஸைக் கூட்டினால், நாளைக்கு அம்மா காபியை விட்டதும் நெஞ்சு படபடக்க ஆரம்பிக்கும். ஆகவே காபி விஷயத்தை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மூட்டுவலி மாத்திரை டைக்ளோஃபினாக் வகையாக இருந்தால் வேண்டவே வேண்டாம். பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் அழுத்தும். வலி இருந்தால் என்ன போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கேப்சூலைத் திறந்து பொடியைத் தேனில் குழைக்கிற வேலை வேண்டாம். விழுங்கக் கஷ்டமாக இருந்தால், சின்ன டம்ளரில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, முழு கேப்சூல்களைப் போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டு, மூன்று நிமிடமாவது கலக்கிக் குடிக்கலாம். பிறகு அதே டம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் போடலாம்; குறைவாக இருந்தால் விட்டுவிட்டு வழக்கமான நேரத்துக்குப் போடவும். இரண்டு நாள் மாத்திரையை ஒரே நாளில் போடவே கூடாது. வாந்தி எடுத்தாலும் திரும்பப் போட வேண்டாம்.

இரவுப்பணி (புதன், இரவு 9.15)

ஐயா சொன்னதோடு இன்னொன்று. வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் திறந்த அல்லது உடைந்த கேப்சூலைத் தொட வேண்டாம், கலக்கிய டம்ளரையும்தான். எங்கள் வார்டில் மருமகள்தான் மாத்திரை டப்பா நிரப்புவார் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

வேம்பு (புதன், இரவு 9.48)

இத்தனை ரசாயனமும் எதற்கு? நோய் வந்ததே உணவு முறை மாறியதால்தான். காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று நம் பெரியவர்கள் சொன்னதை ஒரு மண்டலம் செய்து பாருங்கள். லென்வாட்டினிப் தேவைப்படாது. பின்விளைவும் கிடையாது.

கொங்குத்தறி (புதன், இரவு 10.05)

வேம்பு ஐயா, நானும் இஞ்சி டீ குடிப்பவன்தான். நுரையீரலில் முடிச்சு இருக்கிற அம்மாவுக்கு மருந்து தேவைப்படாது என்று எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

நெறியாளர் (புதன், இரவு 10.20)

மருந்தை விடச் சொல்லும் பதிவுகள் இனி நீக்கப்படும். முந்தைய பதிவை, அதற்கான பதிலோடு சேர்த்துப் படிப்பவர்களுக்காக விட்டுவைக்கிறேன். இங்கே எழுதுபவர்கள் யாரும் உங்கள் டாக்டர் அல்ல.

எதிர்வெயில் (வியாழன், காலை 11.12)

தலைப்பை விட்டு விலகுகிறேன், மன்னிக்கவும். பனங்காய் சொராஃபெனிப் பற்றி எழுதியதால் நினைவு வந்தது. 2012 மார்ச்சில் இந்தியா கொடுத்த முதல் கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனி தயாரிக்க அரசு தரும் அனுமதி) இந்த மருந்துக்குத்தான். காப்புரிமை வைத்திருந்த பேயர் கம்பெனி மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்ததை, நம் ஊர்க் கம்பெனியான நாட்கோ 8,800 ரூபாய்க்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. பேயர் உச்ச நீதிமன்றம் வரை போய் 2014 டிசம்பரில் தோற்றது. அப்போது பேச்சு சிறுநீரகம், கல்லீரல் புற்றுநோய் பற்றித்தான். தைராய்டுக்கு அமெரிக்காவில் அந்த மருந்து அனுமதி பெற்றதே 2013-இல். என் மாமா அந்த 8,800-ஆல்தான் இரண்டு வருடம் இருந்தார்.

மருந்தாளுநர்72 (வியாழன், மதியம் 12.40)

நன்றாகவே நினைவிருக்கிறது. விலை குறைந்த பிறகு வேறு தொல்லை ஆரம்பித்தது. பில் இல்லாமல், அட்டையில் பாதி வெட்டி, "அதே மாத்திரைதான் சார், பாதி விலை" என்று கொண்டுவருவார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் தெரியாத அட்டையை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். மாத்திரையைப் புதுக் கம்பெனிக்கு மாற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கூடல்மகள் (எட்டு நாள் கழித்து, வெள்ளி, இரவு 11.20)

கடந்த வாரம் முழுக்க எழுத முடியவில்லை. ஒப்புக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

பிரஷர் 140-க்குள் வந்துவிட்டது. ஆனால் அம்மா மெலிந்துகொண்டே போனார். எடை மூன்று கிலோ குறைந்தது. வயிற்றுப்போக்கு எப்படி என்று தினமும் கேட்பேன், நோட்டில் "2" என்று எழுதச் சொல்வார். செவ்வாய் ராத்திரி எழுந்து பார்த்தால் அப்பா வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் அவருடைய பழைய டைரி. அம்மா ஒவ்வொரு தடவை பாத்ரூம் லைட்டைப் போடும்போதும் அதில் ஒரு கோடு போட்டிருக்கிறார். அன்றைக்கு ஏழு கோடு. முந்தின நாள் ஐந்து. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாராம். "சொன்னா மருந்தைக் குறைச்சிருவாக, குறைச்சா நோய் வந்துரும்" என்பதுதான் அம்மாவின் கணக்கு.

கொங்குத்தறி அண்ணா, நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். அந்தக் கொப்புளக் கதையில் அழுதுவிட்டார்.

அப்புறம் ஐயா கேட்ட மூன்றாவது கேள்விக்கு நான் முழுப் பதில் தரவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. அலமாரிக்குப் பின்னால் ஒரு டப்பாவில் கடுக்காய்ப் பொடி இருந்தது. கீழ்வீட்டு அத்தை கொடுத்தது. ராத்திரி படுக்கும்முன் வெந்நீரில் ஒரு ஸ்பூன், மூன்று வாரமாக.

மருந்தாளுநர்72 (சனி, காலை 7.05)

கடுக்காய் பேதிக்குக் கொடுக்கிற பொருள் அம்மா. மலச்சிக்கலுக்கு எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள், அதில் தப்பில்லை. வயிற்றுப்போக்கு உண்டாக்குகிற மருந்தோடு அதையும் சேர்த்தால் ஏழு கோடு வராமல் என்ன செய்யும்? இப்போது முக்கியம் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வயிற்றுப்போக்கை நிறுத்துகிற லோப்பெரமைட் எப்போது, எத்தனை என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். இந்த மருந்தில் சிறுநீரகம் கெடுவதற்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கால் உடம்பில் தண்ணீர் வற்றுவதுதான் காரணம். சிறுநீர் குறைந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கால்சியமும் கவனம். வாயைச் சுற்றியோ விரல் நுனியிலோ குறுகுறுப்பு வந்தால் உடனே சொல்லுங்கள். தைராய்டு எடுத்தவர்களுக்குக் கால்சியம் ஏற்கனவே விளிம்பில் இருக்கும், இந்த மருந்து இன்னும் இறக்கும்.

வேம்பு (சனி, காலை 10.30)

அம்மாவுக்கு இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பதிவுக்கு வருந்துகிறேன். விரைவில் தேறி வரட்டும்.

கூடல்மகள் (சனி, காலை 11.15)

ஐயா, நீங்கள் எழுதுவதற்கு முன்பே அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்கள்மேல் தப்பில்லை.

கொங்குத்தறி (சனி, இரவு 8.50)

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். நான் செய்த மற்ற தப்புகளையும் எழுதிவிடுகிறேன், உங்களுக்காவது உதவட்டும்.

பத்துக்கும் நாலுக்கும் கேப்சூல் நிறம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தது. கரண்ட் போன ராத்திரி ஒன்றில் மனைவி பத்து ஒன்று, நாலு இரண்டு என்று டப்பாவில் போட்டுவிட்டாள். நான்கு நாள் 24-க்குப் பதில் 18 சாப்பிட்டிருக்கிறேன். அட்டையை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்கப்புறம் டப்பாவே வேண்டாம் என்று அட்டையிலிருந்தே எடுக்கிறோம். கேப்சூலுக்கு ஈரம் ஆகாது என்பதால் அதுவே நல்லது. பத்து அட்டை ஒரு உறையில், நாலு அட்டை வேறு உறையில். ஃபிரிட்ஜ் தலையில் வைக்காதீர்கள், அங்கே சூடு அதிகம். மதுரை வெயிலுக்கு வீட்டில் எந்த அறை குளிர்ச்சியோ அங்கே வையுங்கள்.

காலுக்கு: வெந்நீரில் கால் வைக்க வேண்டாம், மொட்டைமாடியில் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். யூரியா கலந்த கிரீம் கேட்டு வாங்கித் தடவுங்கள், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு. அம்மா மீனாட்சி கோவிலுக்குப் போகிறவராக இருந்தால் விடியற்காலையில் போகட்டும். மத்தியானத்தில் பிரகாரத்துக் கல் சுட்டால் அந்தப் பாதம் தாங்காது.

பல்லுக்கு: எனக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. தெருமுனைப் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்துவிட்டேன், மருந்து பற்றிச் சொல்லவே இல்லை. நல்லவேளை அவரே என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இந்த மருந்தில் புண் ஆறாது, தாடை எலும்பே கெடலாம். திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷன் என்றால் குறைந்தது ஒரு வாரம் முன்பே நிறுத்துவார்கள், பெரிய ஆபரேஷனுக்குப் பின்னால் இரண்டு வாரமாவது ஆகி, புண் ஆறிய பிறகுதான் திரும்ப ஆரம்பிப்பார்கள். அதை முடிவு செய்வது கேன்சர் டாக்டர்.

இரவுப்பணி (ஞாயிறு, மாலை 6.00)

அண்ணன் எழுதியதை என் வார்டு சுவரில் ஒட்டலாம் போலிருக்கிறது. நான் சேர்ப்பது கொஞ்சம்தான். இருமும்போது ரத்தம், கழுத்தில் ரத்தக்கசிவு, கறுப்பாக மலம், திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி இவற்றில் ஒன்று வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். யூரின் டெஸ்ட்டில் புரதம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் வீக்கம் வந்த பிறகு பார்ப்பது தாமதம்.

பின்விளைவு எதுவானாலும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளிகளே சொல்லலாம். பலருக்குத் தெரியாது.

பனங்காய் (ஞாயிறு, இரவு 9.10)

ஐயாவின் காலுக்கு யூரியா கிரீம் தேடிப் பார்க்கிறேன். அவரும் இரண்டு மாதமாக ஒன்றும் கதைக்காமல்தான் இருந்திருக்கிறார், இன்றைக்குக் கேட்டபோது சப்பாத்தைக் கழற்றிக் காட்டினார்.

கூடல்மகள் (ஏழு வாரம் கழித்து, திங்கள், இரவு 9.35)

எல்லோருக்கும் வணக்கம். நிலவரம் சொல்கிறேன்.

கடுக்காய் நின்றதும் கோடு மூன்றாகக் குறைந்தது, அதற்குக் கீழே வரவில்லை. ஆறாவது வாரம் யூரினில் புரதம் இரண்டு பிளஸ். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள். அம்மா அந்தக் கேனைப் பார்த்து மறுபடி சிரிக்க ஆரம்பித்ததே எனக்குப் போதும். புரதம் 2.3 கிராம் வந்தது. இரண்டைத் தாண்டியதால் மருந்தை நிறுத்தினார்கள். ஒன்பது நாள் கழித்து 1.4 ஆனதும் 20 மில்லிகிராமில் திரும்ப ஆரம்பித்தார்கள். அந்த ஒன்பது நாளும் அம்மா தூங்கவில்லை, அப்பா தூங்கினார்.

டி.எஸ்.எச். 3.8 வரை போயிருந்தது. காபியைத் தள்ளி வைத்து, தைராக்ஸினும் கொஞ்சம் கூட்டினார்கள். முதல் ஸ்கேன் வந்துவிட்டது: பெரிய முடிச்சு 19 மில்லிமீட்டர் இருந்தது இப்போது 14. மற்றவை அப்படியே. டாக்டர் அதிகம் பேசவில்லை, "நல்லா இருக்கு" என்றார்.

ஒரு சின்னக் கேள்வி. 20 என்பது 10 இரண்டு. அப்படியானால் 4 மில்லிகிராம் அட்டை இரண்டு முழுசாக மிச்சம் இருக்கிறது. அதே மருந்து சாப்பிடுகிற ஒருவர் ஓ.பி.யில் பழக்கமானார், அவருக்குக் கொடுத்துவிடட்டுமா? விலை தெரியும்தானே.

மருந்தாளுநர்72 (திங்கள், இரவு 9.50)

வேண்டாம் மகளே. அவருடைய டோஸ் என்ன, சிறுநீரகம் எப்படி என்று உங்களுக்குத் தெரியாது.

கொங்குத்தறி (திங்கள், இரவு 10.02)

தூக்கியும் எறியாதீர்கள். ஒருவேளை 14-க்கு இறங்க வேண்டி வந்தால் 10 ஒன்று, 4 ஒன்று. அப்போது தேவைப்படும். காலாவதித் தேதியைப் பார்த்து எழுதி வையுங்கள். ஆனால் இந்த நிமிடமே அதைப் பத்து அட்டை இருக்கிற இடத்திலிருந்து எடுத்துவிடுங்கள். கரண்ட் போகும்.

கூடல்மகள் (திங்கள், இரவு 10.18)

எடுத்தாச்சு அண்ணா. பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். அப்பா உறையின் மேல் சிவப்பு மையில் "இப்போ வேண்டாம்" என்று எழுதி, தேதியும் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்.